பீல் சங்கேதங்கள்: மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் மேசையில் முடிக்க வேண்டிய வேலைகள்

புதையல் கதைகளோடு ஒட்டிய தீராத சங்கேதங்களில் புதிதாக இறங்குகிறவர்கள் பீல் சங்கேதங்களில் தொடங்குவதே நல்லது. அதில் புதையல் கிடைக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. மொத்தம் மூன்று தாள்கள்; அவற்றில் ஒன்று முழுதாக உடைக்கப்பட்டுவிட்டது, எப்படி உடைந்தது என்பதும் தெரியும். விடை தெரிந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, விடை தெரியாத இரண்டை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இந்தத் துறையில் அபூர்வம்.

பின்னணி சுருக்கமாக: 1885இல் அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலம், லிஞ்ச்பர்க் நகரில் ஜேம்ஸ் பி. வார்டு என்பவர் ஒரு சிறு பிரசுரத்தை 50 சென்ட் விலைக்கு வெளியிட்டார். எழுதியவர் பெயர் அதில் இல்லை. அதன்படி தாமஸ் ஜே. பீல் என்பவரும் கூட்டாளிகளுமாக 30 பேர் 1817இல் மேற்கே போனார்கள். சான்டா ஃபேக்கு வடக்கே தங்கமும் வெள்ளியும் கிடைத்தன. 1819இலும் 1821இலும் அவற்றை வெர்ஜீனியாவுக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். 1822இல் பீல் ஒரு இரும்புப் பெட்டியை ராபர்ட் மோரிஸ் என்ற விடுதிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். சங்கேதத்தின் சாவி 1832 ஜூனில் ஒரு நண்பர் மூலம் வந்து சேரும் என்று கடிதம் எழுதினார். சாவியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. மோரிஸ் 1845இல் பூட்டை உடைத்தார். உள்ளே எண்களாலான மூன்று தாள்கள் இருந்தன. 1862இல் அவற்றை ஒரு நண்பரிடம் கொடுத்தார். அந்த நண்பர்தான் பிரசுரத்தை எழுதியவர் என்பது கதை.

முதல் தாள் புதையல் இருக்கும் இடத்தைச் சொல்கிறதாம். இரண்டாவது என்னென்ன புதைக்கப்பட்டன என்று சொல்கிறது, இதுதான் உடைந்தது. மூன்றாவதில் கூட்டாளிகளின் பெயர்களும் ஊர்களும்.

தேவையானவை

இந்த வேலைக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. மூன்று தாள்களின் எண் பட்டியல்கள், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் (1776) ஆங்கில மூல உரை, கட்டம் போட்ட நோட்டு, பென்சில். பிறகு எக்செல் போன்ற ஒரு விரிதாள். பைத்தான் என்ற கணினி நிரல் மொழியில் கொஞ்சம் எழுதத் தெரிந்தால் பின்பகுதி வேலை சுலபம். தெரியாவிட்டாலும் முதல் பாதியைக் கையாலேயே செய்துவிடலாம். கையால் செய்வதே நல்லதும்கூட.

எண் பட்டியலை இறக்கியதும் முதலில் எண்ணிப் பாருங்கள். முதல் தாளில் 520 எண்கள், இரண்டாவதில் 763, மூன்றாவதில் 618. இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் ஓரிரு எண்கள் விட்டுப்போயிருக்கும், அல்லது இலக்கம் மாறியிருக்கும். வெவ்வேறு இடங்களிலிருந்து இரண்டு பட்டியல்களை எடுத்து, விரிதாளில் பக்கம்பக்கமாக ஒட்டி, வேறுபடும் வரிகளுக்கு நிறம் கொடுங்கள். 1885 பிரசுரத்தின் பக்கப் படங்கள் கிடைத்தால் தீர்ப்பை அதற்கே விட்டுவிடுங்கள். அரை மணி நேர வேலைதான் என்று இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் பின்னால் ஒரு வாரத்தை இழப்பார்கள்.

எழுத்துகளைக் குறித்துவைக்க ஒரு யோசனை: ஆங்கில எழுத்தோடு அகரவரிசையில் அதன் இடத்தையும் எழுதுங்கள். முதல் எழுத்துக்கு 1, கடைசி எழுத்துக்கு 26. இது எதற்கு என்று முதல் தாளுக்கு வரும்போது தெரியும்.

உடைந்த தாளை நீங்களே உடையுங்கள்

முறை எளிமையானது. சாவி உரையின் சொற்களுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண் போடுகிறோம். சங்கேதத்தில் 73 என்று வந்தால் 73ஆவது சொல்லின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்கிறோம். இதைப் புத்தகச் சங்கேதம் என்பார்கள். இரண்டாவது தாளுக்குச் சாவி விடுதலைப் பிரகடனம்.

பிரகடனத்தின் தலைப்பை விட்டுவிட்டு, ‘வென் இன் த கோர்ஸ்’ என்று தொடங்கும் வாக்கியத்திலிருந்து எண்ணுங்கள். ‘வென்’ 1, ‘இன்’ 2, ‘த’ 3. நோட்டில் வரிக்குப் பத்துச் சொல் எழுதினால் எண் தானாகவே வந்துவிடும். முதல் சுற்றில் 320 சொல் வரை போதும்.

இப்போது இரண்டாவது தாளின் முதல் 14 எண்கள்: 115, 73, 24, 807, 37, 52, 49, 17, 31, 62, 647, 22, 7, 15. 73 ‘ஹோல்டு’. 24 ‘அனதர்’. 37 ‘ஈக்வல்’. 52 ‘டீசன்ட்’. 49 ‘என்டைட்டில்’. முதல் எழுத்துகளைக் கோத்தால் ‘ஐ ஹேவ் டெபாசிட்டட்’, அதாவது ‘நான் வைத்திருக்கிறேன்’ என்று வரவேண்டும். ஆனால் 115இலேயே தடுக்கும். அச்சில் உள்ளபடி எண்ணினால் 115ஆவது சொல் ‘அமங்’; நமக்கு வேண்டியதோ ‘இன்ஸ்டிட்யூட்டட்’.

இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். விடை 78ஆவது சொல்லில் இருக்கிறது. ‘செல்ஃப்-எவிடென்ட்’ என்ற இணைகோட்டுச் சொல்லை ஒன்றாக எண்ணாமல் 78, 79 என்று இரண்டாக எண்ணுங்கள். உடனே 115 சரியாகும். 79 ‘எவிடென்ட்’ ஆகி இ எழுத்தைத் தரும், 84 ‘கிரியேட்டட்’ ஆகி சி எழுத்தைத் தரும். அடுத்த 20 எண்களில் இவை இரண்டும் வருகின்றன: 140, 47, 29, 107, 79, 84, 56, 239, 10, 26, 811, 5, 196, 308, 85, 52, 160, 136, 59, 211. இதற்கு ‘இன் த கவுண்ட்டி ஆஃப் பெட்ஃபோர்டு’ என்று விடை.

ஆனால் உங்கள் நோட்டில் அப்படி வராது. 196இல் ‘லைட்’, 160இல் ‘ஆன்’, 211இல் ‘டு’ என்று நிற்கும்; பெட்ஃபோர்டு குழம்பிப்போகும். இரண்டாவது சிக்கல் இது. சங்கேதம் எழுதியவர் பயன்படுத்திய பிரதியில் ‘இன்ஸ்டிட்யூட்’ (154) என்ற சொல்லுக்கும் ‘நியூ கவர்ன்மென்ட்’ என்பதற்கும் நடுவே ‘ஏ’ என்ற ஒற்றையெழுத்துச் சொல் இருந்திருக்கிறது. அதை 155ஆவதாகச் செருகுங்கள். 160 ‘ஃபவுண்டேஷன்’, 196 ‘ஃபார்’, 211 ‘டிஸ்போஸ்டு’ ஆகிவிடும். எல்லாம் பொருந்தும்.

மூன்றாவது சிக்கல் 308. இப்போதைய கணக்கில் அது ‘கிரேட்’. வேண்டியதோ அடுத்த சொல்லான ‘பிரிட்டன்’. 239 (‘யூசர்பேஷன்ஸ்’) சரியாக வந்தது, 308 ஒன்று தள்ளிவிட்டது. ஆக, 240ஐ ஒட்டி எண்ணியவர் ஒரு சொல்லைத் தவறவிட்டிருக்கிறார். கூடுதலாக வந்த ‘ஏ’யும் விடுபட்ட இந்தச் சொல்லும் ஒன்றையொன்று ஈடுகட்ட, 240க்குப் பிறகு கணக்கு அச்சு உரையோடு மறுபடி சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் ‘ஏ’யைக் கவனிக்காமல் எண்ணுகிறவர்களுக்கும் 308 சரியாக வந்துவிடுகிறது, நடுவிலுள்ள 85 சொற்கள் மட்டும் காரணம் தெரியாமல் தகராறு செய்யும்.

பெரிய பிழை 480க்குப் பக்கத்தில். அங்கே முழுதாகப் பத்துச் சொற்கள் எண்ணிக்கையிலிருந்து நழுவிவிடுகின்றன. பத்துப் பத்தாகக் குறி போட்டு எண்ணுகிறவர் ஒரு குறியைத் தாண்டிவிட்டால் நேர்வது இதுதான். அதன் பிறகும் ஓரிரு சிறு நழுவல்கள் உண்டு. இவற்றையெல்லாம் கழித்தால்தான் 807 ‘வேல்யுவபிள்’ ஆகி ‘ஹேவ்’ முழுமை பெறும்.

811 இன்னும் வேடிக்கை. அது ‘ஃபண்டமென்டலி’, முதல் எழுத்து எஃப். ஆனால் தாளில் 811 வரும் இடமெல்லாம் ஒய் எழுத்தே பொருந்துகிறது. அந்தச் சொல்லின் கடைசி எழுத்து ஒய் என்பதைக் கவனியுங்கள். 1005ஐ எக்ஸ் எழுத்துக்கு வைத்திருக்கிறார்கள்; ‘ஹேவ்’ என்ற சொல் அங்கே நிற்கிறது, எக்ஸ் எழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு வழியில்லாததால் எதையோ வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட விதிவிலக்குகள் ஒரு தாளில் இரண்டு, மூன்று இருக்கலாம். முப்பது இருந்தால் அது சாவியே அல்ல.

இன்னொரு 14 எண்கள்: 36, 9, 46, 316, 554, 122, 106, 95, 53, 58, 2, 42, 7, 35. ‘அபவுட் ஃபோர் மைல்ஸ்’. இதில் 95ஐப் பாருங்கள். பிரகடனத்தின் சில அச்சுகளில் ‘அனேலியனபிள்’ என்றும், சிலவற்றில் ‘இனேலியனபிள்’ என்றும் இருக்கும். ஆங்கில எழுத்தில் முந்தையது யூவில் தொடங்கும், பிந்தையது ஐயில். ‘ஃபோர்’ என்ற சொல்லுக்கு யூ வேண்டும். ஆக, முந்தைய அச்சே எழுதியவர் கையில் இருந்தது. எந்தப் பதிப்பு என்பதை ஒரே எழுத்து காட்டிக்கொடுக்கும் இடம் இது. வேறு நூலைச் சாவியாகச் சோதிக்கும்போதும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

இந்த 48 எண்களைக் கையால் முடித்துவிட்டு, மீதியை விரிதாளிடம் விடலாம். முழு விடையின் சாரம்: பெட்ஃபோர்டு மாவட்டத்தில், பியூஃபோர்டு என்ற இடத்திலிருந்து சுமார் 4 மைல் தூரத்தில், நிலமட்டத்துக்கு 6 அடி கீழே ஓர் அறை. 1819 நவம்பரில் 1,014 பவுண்டு தங்கம், 3,812 பவுண்டு வெள்ளி. 1821 டிசம்பரில் 1,907 பவுண்டு தங்கம், 1,288 பவுண்டு வெள்ளி, மேலும் 13,000 டாலர் மதிப்புள்ள நகைகள். எல்லாம் மூடி போட்ட இரும்புப் பானைகளில். சரியான இடத்தை முதல் தாள் சொல்லும். தங்கமும் வெள்ளியும் சேர்த்தால் 8,021 பவுண்டு, மூன்றரை டன்னுக்கும் மேல்.

முதல் தாள்

இதே சாவியை முதல் தாளுக்குப் போட்டால் குப்பைதான் வரும். முதல் தடை எண்களின் அளவு. பிரகடனத்தில் மொத்தமே ஏறக்குறைய 1,320 சொற்கள். முதல் தாளிலோ 1701, 1629, 2018 என்றெல்லாம் வருகின்றன. மிகப் பெரிய எண் 2906. ஆகவே சாவி உரை குறைந்தது 2,906 சொல் நீளம் இருக்க வேண்டும். யாராவது ஒரு சிறு கவிதையையோ, ஒரு பக்கக் கடிதத்தையோ முதல் தாளின் சாவி என்று கொண்டுவந்தால் இந்த ஒரு சோதனையே போதும்.

அந்தக் குப்பைக்குள் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1980இல் ஜிம் கில்லாக்லி என்ற சங்கேத ஆய்வாளர் இதை வெளியிட்டார். பீல் சங்கேதத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை என்பது எங்கள் கருத்து. முதல் தாளில் இந்தத் தொடரைத் தேடிப் பிடியுங்கள்: 147, 436, 195, 320, 37, 122, 113, 6, 140, 8, 120, 305, 42, 58, 461, 44, 106, 301, 13, 408. பிரகடனத்தின்படி எழுத்தாக்கி, ஒவ்வொன்றின் அகரவரிசை இடத்தையும் எழுதுங்கள். கில்லாக்லிக்குக் கிடைத்தது இது: 1, 2, 6, 4, 5, 6, 7, 8, 9, 9, 10, 11, 12, 13, 13, 14, 15, 8, 16, 16.

அகரவரிசை அப்படியே படிப்படியாக ஏறுகிறது. இடறுவது இரண்டே இடங்களில்: மூன்றாவதாக வரும் 6, கடைசிக்குச் சற்று முன் வரும் 8.

அந்த 6ஐ நீங்களே சரிசெய்யலாம். அது 195ஆம் எண். அச்சு உரைப்படி 195 ‘ஃபார்’, அதனால் 6. ஆனால் இரண்டாவது தாளை உடைக்கும்போது நாம் திருத்திய நோட்டில், ‘ஏ’ செருகிய பிறகு, 195ஆவது சொல் ‘சேஞ்ச்டு’. அதன் இடம் 3. வரிசை 1, 2, 3, 4, 5 என்று நேராகிவிடுகிறது. அடுத்து அந்த 8: அது 301, ‘ஹிஸ்டரி’. பக்கத்துச் சொல்லான 302 ‘ஆஃப்’. அதன் இடம் 15. ஓர் எண் தவறிக் கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இது தற்செயலாக அமைய வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். முதல் தாளை எழுதியவர் முன்னாலும் பிரகடனத்தின் எண்ணிட்ட தாள் இருந்திருக்கிறது. அதுவும் இரண்டாவது தாளுக்குப் பயன்பட்ட அதே பிழைத் தாளாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பிறகு ஏன் விடை வரவில்லை? கில்லாக்லியின் முடிவு, முதல் தாளில் செய்தியே இல்லை என்பது. எழுத்து வாரியாக எண்களை அடுக்கிய பட்டியலை வைத்துக்கொண்டு யாரோ வெறுமனே எண்களை இட்டு நிரப்பியிருக்கிறார்கள்; ஓரிடத்தில் சலிப்பில் பட்டியலை மேலிருந்து கீழாக நகலெடுத்துவிட்டார்கள். நம்பிக்கை விடாதவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள்: செய்தி இரண்டு முறை மறைக்கப்பட்டிருக்கிறது, இந்த அகரவரிசை முதல் அடுக்கின் எச்சம் என்று. இரண்டாவது கருத்தை எடுத்துக்கொண்டு வேலை செய்யலாம், தவறில்லை. ஆனால் அகரவரிசைத் துண்டை விளக்காத எந்த ‘விடை’யையும் ஏற்க வேண்டாம்.

புதிய சாவியைச் சோதிக்கும் முறை

அமெரிக்க அரசியல் சாசனம், பைபிள் போன்றவற்றைப் பலர் ஏற்கெனவே பலமுறை போட்டுப் பார்த்துவிட்டார்கள். நீங்கள் வேறு உரையை எடுத்தால் அது 1822க்கு முன் அச்சானதாக இருக்க வேண்டும். கதை முழுவதும் பிரசுர ஆசிரியரின் மோசடி என்ற கோணத்தில் தேடினால் 1885 வரை போகலாம். உரையைக் கோப்பாகச் சேமித்து, நிறுத்தற்குறிகளை நீக்கி, சொல் சொல்லாகப் பிரித்து, முதல் எழுத்துகளை மட்டும் ஒரு நீளச் சரமாக வைத்துக்கொள்ளுங்கள். சங்கேத எண்ணைக் கொடுத்தால் அந்த இடத்து எழுத்தைத் தரும்படி ஐந்தாறு வரி நிரல் போதும். இணைகோட்டுச் சொற்களை ஒன்றாக எண்ணி ஒரு முறை, இரண்டாகப் பிரித்து ஒரு முறை ஓட்டுங்கள். அந்தப் பழக்கம் எழுதியவருக்கு உண்டு என்பது 78ஆவது சொல்லில் தெரிந்துவிட்டதே.

நிரலை முதலில் பிரகடனத்தையும் இரண்டாவது தாளையும் வைத்துச் சோதிப்பது கட்டாயம். தெரிந்த விடையைத் தராத நிரல் தெரியாத விடையைத் தரப்போவதில்லை. இங்கே அடிக்கடி வரும் கோளாறு, கணினி 0இலிருந்து எண்ணுவது; எல்லாம் ஒரு சொல் தள்ளி வரும்.

இனி மதிப்பிடுவது. வந்த எழுத்துச் சரம் ஆங்கிலமா, குப்பையா என்று கண்ணால் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. இரண்டு எழுத்துகளை எண்ணுங்கள். இயல்பான ஆங்கிலத்தில் ‘இ’ எழுத்து நூற்றுக்கு 12, 13 வரும்; 520 எழுத்தில் சுமார் 65. ஆனால் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளை மட்டும் எடுத்தால் ‘இ’ நூற்றுக்கு இரண்டு, மூன்றுதான். 520இல் 15 அளவுக்கே வரும். ‘த’, ‘தட்’, ‘டு’ போன்ற சொற்களைத் தொடங்கும் 20ஆவது எழுத்து இதற்கு நேர்மாறு: இயல்பான உரையில் நூற்றுக்கு 9, முதல் எழுத்துகளில் 16 வரை. தவறான சாவியைப் போட்டால் சாவி உரையின் முதலெழுத்து விகிதம்தான் திரும்பி வரும். ஆகவே ‘இ’ 15ம், 20ஆவது எழுத்து 80ம் வந்தால் அந்தச் சாவியைத் தூக்கிப்போடுங்கள். சரியான சாவியில் எழுதியவர் ‘இ’ சொற்களைத் தேடித்தேடிப் பயன்படுத்தியிருப்பார்; ‘இ’ 50ஐத் தாண்டும்.

சங்கேதப் பாடங்களில் முதலில் கற்றுத்தரும் ஒருமிப்புக் குறியெண் இங்கே ஏமாற்றிவிடும். எந்த இரண்டு எழுத்தை எடுத்தாலும் அவை ஒன்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதே அந்த அளவு. ஆங்கிலத்துக்கு 0.066 அளவில் வரும். 26 எழுத்தும் சமமாகக் கலந்தால் 0.038. ஆனால் வெறும் முதல் எழுத்துகளைக் கணக்கிட்டாலும் 0.065க்கு மேல் போய்விடும். குப்பைக்கே ஆங்கில மதிப்பெண். இதைப் பார்த்துவிட்டுச் சாவி கிடைத்துவிட்டது என்று அறிவித்தவர்களுக்குக் குறைவில்லை.

நம்பத் தகுந்தது நான்கெழுத்துத் தொடர் மதிப்பெண். ஆங்கிலத்தில் ஒவ்வொரு நான்கெழுத்துத் தொடரும் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்ற பட்டியலை எடுத்து, அதன் மடக்கை மதிப்புகளைக் கூட்டுவது. அந்தக் கூட்டுத்தொகை தனியாக எதையும் சொல்லாது. எதோடு ஒப்பிடுவது என்று வேண்டும். அதற்கு முதல் தாளின் 520 எண்களையும் வரிசை கலைத்துப்போட்டு, அதே உரையில் அதே நிரலை ஓட்டுங்கள். ஒரு லட்சம் சொல்லுள்ள நூலில் எண்ணத் தொடங்கும் இடத்தை ஒவ்வொரு சொல்லாக நகர்த்தினால் ஏறக்குறைய 97,000 தொடக்கங்கள். கலைத்த எண்களுக்கு அவற்றில் கிடைத்த மிக உயர்ந்த மதிப்பெண்தான் இரைச்சலின் கூரை. உண்மையான வரிசை அந்தக் கூரையை நன்றாகத் தாண்டினால் மட்டும் அடுத்த வேலைக்குப் போங்கள். நூறு கலைப்பு செய்தால் போதும். சாதாரண மடிக்கணினியே தாங்கும்.

எண்ணும்போது பிழை நேர்ந்திருக்கும் என்பதால், சிறிய எண்களை மட்டும் வைத்து ஒரு சுற்றுப் பாருங்கள். 300க்குக் கீழ் உள்ளவற்றை எழுத்தாக்கி, மீதியைப் புள்ளியாக விடுங்கள். உரையின் தொடக்கத்தில் நழுவல் குறைவு. இரண்டாவது தாளிலேயே பெரிய நழுவல் 480ஐ ஒட்டித்தான் வருகிறது. சரியான சாவி என்றால் புள்ளிகளுக்கு நடுவே சொற்களின் எலும்புக்கூடு தெரியும். தெரிந்தால், அதற்குப் பிறகு 300–500 பகுதியை ஒவ்வொரு சொல்லாக முன்பின் நகர்த்திப் பொருத்தலாம்.

‘சாவி நூலே வேண்டாம், கணினியே எழுத்துகளை ஊகிக்கட்டும்’ என்ற ஆசை எல்லோருக்கும் வரும். முதல் தாளின் 520 எண்களில் வெவ்வேறானவை மட்டுமே சுமார் 300. அதாவது 300 எழுத்துகளை விருப்பம்போல் நிரப்பலாம். அவ்வளவு சுதந்திரம் கொடுத்தால் இந்த 520 எண்களிலிருந்து சமையல் குறிப்புக்கூட வரும்! கணினி தரும் அழகான ஆங்கில வாக்கியத்துக்கு இங்கே எந்த மதிப்பும் இல்லை.

பிறர் சொல்லும் விடைகளைச் சோதிக்க

சில கேள்விகள் போதும். எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்தச் சொல்லில் எண்ணத் தொடங்கினீர்கள்? 520 எண்களுக்கும் விடை இருக்கிறதா, அல்லது நடுவில் 30 எண்களுக்கு மட்டுமா? ஒரே எண் இரண்டு இடங்களில் வந்தால் இரண்டிலும் ஒரே எழுத்துதானா? இந்த மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலான ‘விடைகள்’ விழுகின்றன. 811 எல்லா இடத்திலும் ஒய்தான் என்பது எவ்வளவு பெரிய சாட்சியம் என்று இப்போது புரியும். எழுத்துகளை இடம் மாற்றிச் சொல் அமைத்தோம், தேவையில்லாதவற்றை நீக்கினோம் என்று யாராவது சொல்லத் தொடங்கினால் அதற்கு மேல் நேரம் செலவிட வேண்டாம்.

மூன்றாவது தாளுக்கு ஒரு எளிய வகுத்தல் கணக்கே போதும். 618 எழுத்துகளில் 30 பேரின் பெயரும் ஊரும் அடங்க வேண்டும். ஆளுக்கு இருபது எழுத்துக்குச் சற்று மேல்தான் தேறும். ‘தாமஸ் பீல், லிஞ்ச்பர்க், வெர்ஜீனியா’ என்பதற்கே ஆங்கிலத்தில் 28 எழுத்து. மாநிலத்தைச் சொல்லாமல் விட்டாலும் இடுக்குதான். இதிலுள்ள மிகப் பெரிய எண் 975; அளவைப் பொறுத்தவரை பிரகடனத்துக்குள் அடங்குகிறது, ஆனாலும் படிக்கும்படி எதுவும் வரவில்லை. நேரம் குறைவாக உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம்.

கதையின் மற்ற பகுதிகளிலும் விரிசல்கள் உண்டு. ஜோ நிக்கெல் என்ற ஆய்வாளர் 1982இல் பீலின் கடிதங்களின் நடையையும் பிரசுர ஆசிரியரின் நடையையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே கை என்று வாதிட்டார். சங்கேத வேலைக்கு இது நேரடியாக உதவாது. எந்தக் காலத்து நூல்களைச் சாவியாகத் தேடுவது என்று முடிவுசெய்ய மட்டும் உதவும்: மோசடி என்றால் 1860–1885 காலத்தில் லிஞ்ச்பர்க்கில் கிடைத்த அச்சுகள், உண்மை என்றால் 1822க்கு முந்தையவை.

களத்துக்குப் போவதென்றால்

பியூஃபோர்டு என்பது இன்றைய மான்ட்வேல் என்ற ஊர்ப் பகுதி. புளூ ரிட்ஜ் மலையடிவாரம். ‘சுமார் 4 மைல்’ என்பதில் இருபுறமும் கால் மைல் பிசகு வைத்தாலே அந்த வளையம் பன்னிரண்டரை சதுர மைல், அதாவது 8,000 ஏக்கர். எந்தத் திசை என்று இரண்டாவது தாள் சொல்லவில்லை. புதையலோ ஆறடி ஆழத்தில், கல் பாவிய அறைக்குள். கடையில் வாங்கும் உலோகம் காட்டும் கருவி காசு அளவுள்ள பொருளை ஓரடி ஆழம் வரை கண்டுபிடித்தாலே பெரிது. முதல் தாளின் விடை இல்லாமல் அங்கே போவதில் பொருளில்லை.

சட்டமும் கடுமை. அந்த மலைத்தொடரின் மேல் ஓடும் புளூ ரிட்ஜ் பார்க்வே என்ற சாலை தேசியப் பூங்கா நிலம்; அங்கே உலோகம் காட்டும் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். கூட்டரசு நிலத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட பொருள்களைத் தோண்டுவதை 1979ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. மீதி பெரும்பாலும் தனியார் நிலம். 1983இல் முதல் தாளை உடைத்துவிட்டதாக நம்பிய ஒரு பெண் அங்குள்ள தேவாலயக் கல்லறைத் தோட்டத்தைத் தோண்டி, சிறைக்குப் போனார். நில உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எங்கே, எவ்வளவு ஆழம், குழியை மூடுவது யார் பொறுப்பு, ஏதாவது கிடைத்தால் பங்கு எப்படி என்பதெல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கட்டும். அதைக் கேட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டும்போது, சாவி உரையின் பெயர், பதிப்பு, 520 எழுத்துகளின் முழு விடை ஆகியவையும் கையில் இருக்க வேண்டும். உங்களுக்கு முன்பு அந்தக் கதவைத் தட்டியவர்கள் ஏராளம்.